மார்பகப் புற்றுநோயின் குறிப்பான்களும் தடுப்பாற்றல் தூதுப் புரதங்களும்

1. தோற்றுவாய்

உடலகத்தே மறைந்து நிகழ்வதனை வெளியே புலப்படும் ஒன்றனைக் கொண்டு உணர்வது மருத்துவத்தின் தொன்னெறி. நாடியும் நாவும் விழியும் நீரும் நோக்கி நோயின் இயல்பைத் துணிந்தனர் நம் சித்த மருத்துவர். இற்றைநாள் மருத்துவரோ குருதியில் ஒரு புரதம் எத்துணை கலந்துளது என அளக்கின்றனர்; அறுவையில் எடுத்த கட்டியின் சிறு துண்டில் இன்ன புரதம் உண்டா, இல்லையா என ஆராய்கின்றனர். இங்ஙனம் புற்றுநோயைச் சுட்டிக் காட்டும் பொருள்கள் கட்டிக் குறிப்பான்கள் எனப்படும்.

மார்பகப் புற்றுநோய்க்கு மருத்துவம் பெறும் ஒருத்திக்குக் குறிப்பானின் அளவு வெறும் எண் அன்று. சென்ற முறையினும் அது கூடியிருப்பின், நோய் மீண்டதோ என்னும் அச்சம் எழுகின்றது. மேலும் பல படங்கள் எடுத்துப் பார்க்க நேர்கின்றது. சிலபோது பயன் தந்துகொண்டிருந்த மருந்தே கைவிடப்படுதலும் கூடும். குறைந்திருப்பின் ஆறுதல் பிறக்கின்றது. ஆதலின், அவ்வெண் எதனைக் கூறுகின்றது, அஃது யாருடைய கூற்று என்னும் வினா ஏட்டளவில் நிற்பதன்று, உயிரோடு தொடர்புடையது.

அவ்வெண் புற்றுக் கட்டி ஒன்றனுடைய கூற்றே எனக் கருதுவார் பலர். அங்ஙனம் கருதுதல் பொருந்தாது என்பதே இக்கட்டுரையில் யாம் நிறுவ முற்படுவது. கட்டியைச் சூழ்ந்து நிற்பதும், அதனோடு பொருவதும், சிலபோது அதற்குத் துணையாவதும் ஆகிய உடலின் தடுப்பாற்றல் அமைப்பு, தான் சுரக்கும் தூதுப் புரதங்களால் குறிப்பான்களின் அளவை உயர்த்தவும் தாழ்த்தவும் வல்லது. ஆகவே குறிப்பான் என்பது கட்டியும் உடலும் இணைந்து எழுதும் எழுத்து. அதனை ஒருவர் எழுத்தாகப் படிப்பின் பொருள் பிறழும்.

2. தூதுப் புரதங்கள்: பெயரும் வரலாறும்

தடுப்பாற்றல் அமைப்பைச் சேர்ந்த உயிரணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளச் சிறிய புரதங்களைச் சுரக்கின்றன. ஓர் உயிரணு சுரந்த புரதம் மற்றோர் உயிரணுவின் மேற்புறத்துள்ள ஏற்பியில் சென்று பொருந்த, அவ்வணுவினுள் ஒரு தொடர் நிகழ்ச்சி எழுந்து, முடிவில் சில மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன, சில அடங்குகின்றன. இப்புரதங்களுக்குச் சைட்டோகைன் என்று பெயர். உயிரணு என்றும் இயக்கம் என்றும் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆகியது இப்பெயர். செய்தி கொண்டு செல்லும் தொழிலை நோக்கி யாம் தூதுப் புரதம் என்னும் சொல்லை ஆள்கின்றோம்.

இப்பெயர் தோன்றிய வரலாறும் நம் பொருளுக்கு இயைபுடையது. முன்னர் இவை நிணவணுக்கள் மட்டுமே சுரப்பன என்று கருதி லிம்போகைன் எனப் பெயரிட்டிருந்தனர். நிணவணு அல்லாத பிற அணுக்களும் இத்தகைய புரதங்களை ஆக்குதல் கண்டு, 1974ஆம் ஆண்டில் ஸ்டான்லி கோகன் என்னும் அறிஞர் சைட்டோகைன் என்னும் பொதுப்பெயரை முன்வைத்தார். புற்றணுவும் இத்தூதுப் புரதங்களைச் சுரக்க வல்லது என்பது இன்று தெளிவு. தூது ஒரு சாராரிடமிருந்து மட்டும் செல்வதன்று. இரு சாராரும் அதனை ஆள்கின்றனர்.

இத்துறையின் முதற்படிகளுள் மூன்றனை மட்டும் ஈண்டுச் சுட்டுவோம். 1957ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் மில் ஹில் பகுதியிலிருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் அலிக் ஐசக்சு, ழான் லிண்டென்மன் ஆகிய இருவர், வெப்பத்தால் செயலிழந்த இன்புளுவென்சா நச்சுயிரைக் கோழிக் கருவின் சவ்வோடு சேர்த்து வைத்தபோது, அச்சவ்விலிருந்து வெளிப்பட்ட ஒரு பொருள் பிற அணுக்களை நச்சுயிரினின்று காத்தலைக் கண்டனர். இடைபுகுந்து தடுப்பதாதலின் அதற்கு இன்டர்பெரான் எனப் பெயரிட்டனர்.

இரண்டாவது நியூயார்க்கு நகரில் நிகழ்ந்தது. அந்நகரத்து அறுவை மருத்துவர் வில்லியம் கோலி 1891 முதல் புற்றுநோயாளர் சிலருக்கு நுண்ணுயிர்களை உட்செலுத்திக் காய்ச்சலை எழுப்ப, சிலருடைய கட்டிகள் சுருங்கின. அதன் காரணம் நெடுநாள் விளங்காதிருந்தது. 1975ஆம் ஆண்டில் அந்நகரத்தின் சுலோன்-கெட்டரிங் நிலையத்தில் எலிசபெத் கார்சுவெல், இலாயிடு ஓல்டு முதலியோர், எலிகளின் குருதியில் தோன்றிக் கட்டியை அழியச் செய்யும் ஒரு காரணியைக் கண்டறிந்து, அதனைக் கட்டி நசிவுக் காரணி என்றனர். பின்னர் 1985ஆம் ஆண்டில், உடலை மெலியச் செய்யும் கக்கெக்டின் என வேறு ஆய்வாளர் கண்ட பொருளும் இக்காரணியும் ஒன்றே எனத் தெரியவந்தது. கட்டியை அழிப்பதும் நோயாளியை மெலிவிப்பதும் ஒரே புரதம் என்பது அந்நாளில் வியப்பாயிற்று.

மூன்றாவது ஜப்பானிய நாட்டு ஒசாகாவில் நிகழ்ந்தது. தடாமிட்சு கிசிமோட்டோ, தோசியோ ஹிரானோ ஆகியோரின் குழு 1986ஆம் ஆண்டில், எதிர்ப்பொருள் ஆக்கத்தைத் தூண்டும் ஒரு புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்தது. ஈரலணுவைத் தூண்டுவது என ஒருவரும், இன்டர்பெரான் வகையுள் ஒன்று என மற்றொருவரும், வேறு பெயரால் வேறு சிலரும் குறித்துவந்த பொருளெல்லாம் அதுவே ஆயிற்று. பின்னர் அது இன்டர்லூக்கின்-6 என்னும் ஒரு பெயரால் வழங்கலாயிற்று. பல சொல் ஒரு பொருளாயும், ஒரு சொல் பல பொருளாயும் வருதலை நம் இலக்கண நூலார் வகுத்துரைத்தனர். இன்டர்லூக்கின்-6 இவ்விரண்டற்கும் ஒருங்கே எடுத்துக்காட்டாக நிற்கின்றது: பெயர்கள் பலவாயிருந்து பொருள் ஒன்றாயிற்று; அவ்வொன்றோ சென்று சேரும் அணுவுக்கேற்ப வெவ்வேறு தொழில் செய்கின்றது.

3. குறிப்பான்களின் இரு வகை

மார்பகப் புற்றுநோயில் ஆளப்படும் குறிப்பான்களை, குருதியில் அளப்பன, கட்டியின் திசுவில் காண்பன என இரண்டாகப் பகுக்கலாம்.

குருதியில் அளப்பனவற்றுள் தலையாயது சி.ஏ. 15-3 என்பது. இது மியூசின்-1 என்னும் பெரிய புரதத்தினின்று பிரிந்து குருதியில் கலந்த பகுதி. பால் கொழுப்புத் துளியின் சவ்வினைக் கொண்டு ஆக்கிய எதிர்ப்பொருள் ஒன்றும், பரவிய மார்பகப் புற்றின் சவ்வினைக் கொண்டு ஆக்கிய எதிர்ப்பொருள் ஒன்றும் ஆக இரண்டனால் இதனை அளக்கின்றனர். நலமுற்றார்க்கு ஒரு மில்லி லிட்டர்க்கு 25 முதல் 30 அலகுக்கு உட்பட்டது என்பது பொதுவாகக் கொள்ளும் எல்லை. மற்றொன்று சி.இ.ஏ. என்னும் கருநிலைப் புரதம். 1965ஆம் ஆண்டில் மாண்ட்ரீல் நகரில் பில் கோல்டு, சாமுவேல் பிரீடுமன் ஆகியோர் பெருங்குடற் புற்றில் கண்டது. மார்பகப் புற்றிலும் சிலர்க்கு உயர்வது.

திசுவில் காண்பனவற்றுள் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரொஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2 என்னும் வளர்ச்சி ஏற்பி, அணுப் பெருக்கத்தைக் காட்டும் கி-67 என்பன முதன்மையானவை. இவை நோய் உண்டா என வினவுவதற்கு அல்ல. எவ்வகை நோய், எம்மருந்து பொருந்தும் எனத் துணிவதற்கு உரியன. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள கட்டிக்கு அவ்வியக்குநீரைத் தடுக்கும் மருந்து பொருந்தும். ஹெர்-2 மிகுந்த கட்டிக்கு, 1998ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் ஒப்புதல் பெற்ற டிராசுட்டுசுமாப் என்னும் எதிர்ப்பொருள் மருந்து பொருந்தும். இவை மூன்றும் இல்லாத கட்டி மும்மறை வகை எனப்படும்.

இனி, இவ்விரு வகைக் குறிப்பான்களிலும் தூதுப் புரதங்கள் செய்யும் மாற்றத்தை முறையே காண்போம்.

4. மியூசின்-1: ஆக்கமும் அறுப்பும்

சி.ஏ. 15-3இன் தாய்ப்பொருளாகிய மியூசின்-1 புற்றுக்கே உரிய பொருளன்று. நலமுற்ற மார்பகத்தில் பால் நாளங்களின் உட்புறத்தே, நாளவழியை நோக்கிய முகத்தில் மட்டும், இப்புரதம் நிமிர்ந்து நிற்கின்றது. இருபது அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு கோவை அதில் பன்முறை அடுக்கி வருகின்றது. அதன்மேல் சர்க்கரைச் சங்கிலிகள் கிளைத்துள்ளன. அந்நிலையில் அதினின்று பிரியும் பகுதி நாளத்தினுள் செல்லுமேயன்றிக் குருதியை எளிதில் அடையாது. புற்றணுவோ தன் திசையறிவை இழக்கின்றது. எம்முகம் உள், எம்முகம் புறம் என்னும் வேறுபாடின்றி மேற்பரப்பெங்கும் மியூசினைப் பரப்புகின்றது. சர்க்கரைச் சங்கிலிகளும் குறுகிவிடுகின்றன. ஆதலின் பிரிந்த பகுதி குருதியில் கலக்கின்றது. அளவு உயர்கின்றது.

இதுவரை கூறியது கட்டியின் செயல். தூதுப் புரதத்தின் செயல் இதன்மேல் வருகின்றது.

முதற்கண் ஆக்கத்தைக் காண்போம். மியூசின்-1 மரபணுவின் முகப்பில், அதனை இயக்கும் புரதங்கள் வந்தமரும் இடங்கள் பல உள. அவற்றுள் ஒன்றில் ஸ்டாட் என்னும் புரதம் அமர்கின்றது, மற்றொன்றில் என்.எப். கப்பா-பி என்னும் புரதம் அமர்கின்றது. காமா இன்டர்பெரான் அணுவின் ஏற்பியைத் தொட்டால் ஸ்டாட் கிளர்கின்றது. கட்டி நசிவுக் காரணி தொட்டால் என்.எப். கப்பா-பி கிளர்கின்றது. இவ்விரண்டு தூதும் ஒருங்கே வருமாயின், தனித்தனியே விளையும் பயன்களின் கூட்டினும் மிகுதியாக மியூசின்-1 ஆக்கப்படுகின்றது என்பதனை 2002ஆம் ஆண்டில் டெலாவேர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர், இயல்பான மார்பக அணுக்களிலும் மார்பகப் புற்றணுக்களிலும் காட்டினர். இயல்பான அணுக்களிலும் என்பதனை அறிஞர் உற்று நோக்குக. புற்று என்னும் நிலை இல்லாதவிடத்தும் இத்தூது தன் தொழிலைச் செய்கின்றது.

அடுத்து அறுப்பு. மியூசின்-1 அணுவின்மேல் எத்துணை மிகுந்து நின்றாலும், அறுபட்டு வெளிவந்தாலன்றிக் குருதியில் அளக்கப்படாது. அதனை அறுக்கும் நொதிகளுள் ஒன்று, கட்டி நசிவுக் காரணியை அணுவின் மேற்பரப்பினின்று அறுத்து விடுவிக்கும் நொதியே என்பது 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது. தூதனைக் கட்டவிழ்த்து அனுப்பும் கத்தியும், குறிப்பானைக் குருதியில் விடும் கத்தியும் ஒன்றே. கருப்பைப் புறத்தோலணுக்களில் செய்த ஆய்வில், கட்டி நசிவுக் காரணி மியூசின்-1 ஆக்கத்தையும் அதன் வெளியேற்றத்தையும் ஒருங்கே தூண்டுதல் காணப்பட்டது. மார்பகக் கட்டியினுள்ளும் இவ்வழி இயங்குமாயின், அழற்சி மிகும்தோறும் குருதியில் குறிப்பான் மிகுதற்கு இடமுண்டு; அணுக்களின் தொகை பெருகாதவழியும் அவ்வாறு நிகழலாம்.

சி.இ.ஏ. பற்றியும் இத்தகைய செய்தி உண்டு. அமெரிக்க நாட்டுத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் 1980களில் நிகழ்ந்த ஆய்வுகள், இன்டர்பெரானோடு சேர்த்து வளர்த்த புற்றணுக்களின் மேற்பரப்பில் இத்தகைய கட்டிப் புரதங்கள் மிகுதலைக் காட்டின. அவ்வாய்வாளரின் நோக்கம் வேறு; எதிர்ப்பொருள் மருந்து புற்றணுவைப் பற்றுதற்கு மேலும் பல பிடிகளைத் தேடினர் அவர். எனினும் அவர் கண்டது நம் கூற்றுக்குச் சான்றாகின்றது. புற்றணுவின் தொகை மாறாதிருக்கவும் அதன் குறிப்பான் மிகலாம்.

5. மருந்தாக வந்த தூதும் உயர்ந்த எண்ணும்

ஆய்வுக்கூடத்துக் கிண்ணத்தில் கண்டது நோயாளியிடத்தும் நிகழுமோ என வினவுவார்க்கு, நேரிய விடை ஒன்று உண்டு.

புற்றுநோய்க்குக் கொடுக்கும் வேதி மருந்துகள் எலும்பு மச்சையைத் தாக்குவதால் வெள்ளணுக்கள் குறைகின்றன. தொற்று நோய்க்கு இடமுண்டாகின்றது. அதனைத் தடுக்க, வெள்ளணுக்களை வளர்க்கும் ஒரு தூதுப் புரதத்தையே மருந்தாக ஊசிவழிச் செலுத்துகின்றனர். ஜி-சி.எஸ்.எப். என வழங்கும் இது 1991ஆம் ஆண்டு முதல் அமெரிக்க நாட்டில் ஒப்புதல் பெற்று உலகெங்கும் பரவிய மருந்து.

2001ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, இம்மருந்து பெற்ற மார்பகப் புற்றுநோயாளரின் குருதியில் சி.ஏ. 15-3 உயர்தலைக் காட்டிற்று. அவர்கள் கட்டி முன்னரே அறுவையால் நீக்கப்பட்டு, நோய் திரும்பாதிருத்தற்பொருட்டு மருந்து பெற்றவர்கள் என்பது ஈண்டு இன்றியமையாத செய்தி. புலப்படும் கட்டி இல்லாதவிடத்தும் கட்டிக் குறிப்பான் உயர்ந்தது. எங்ஙனம்? மியூசின்-1 எலும்பு மச்சையில் வளரும் சில குருதியணுக்களிடத்தும் உண்டு. அவ்வணுக்களின் வளர்ச்சியைத் தூதுப் புரதம் தூண்டும்போது அவற்றின் மியூசினும் குருதியில் சேர்தற்கு வழியுண்டாகின்றது. வைட்டமின் பி-12 குறைவால் வரும் ஒருவகைச் சோகையில், புற்றே இல்லாதார்க்கும் சி.ஏ. 15-3 உயர்தல் உண்டு. அதுவும் மச்சையின் கலக்கத்தைச் சுட்டுவதாகக் கொள்ளத்தகும்.

இதனால் பெறப்படுவது யாது? ஒருத்திக்கு மருந்து செலுத்தும் நாள்களின் இடையே எடுத்த குருதியில் எண் உயர்ந்திருப்பின், அவ்வுயர்வு நோயினுடையதா, நோயினின்று காக்கக் கொடுத்த ஊசியினுடையதா என ஆராய்தல் வேண்டும். அவ்வாராய்ச்சியின்றி, மருந்து பயனற்றது என முடிவு கட்டினால், பயன் தரும் மருந்தை இழத்தலும், வேண்டா அச்சத்தில் அவளையும் அவள் குடும்பத்தாரையும் ஆழ்த்துதலும் நேரும்.

6. இயக்குநீர் ஏற்பியும் அழற்சியும்

இனித் திசுக் குறிப்பான்களை நோக்குவோம். 1896ஆம் ஆண்டில் கிளாசுகோ நகரத்து மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், சூலகத்தை நீக்கியபின் மார்பகப் புற்று சிலர்க்குச் சுருங்குதலை வெளியிட்டார். அதன் காரணத்தை, 1950களின் இறுதி முதல் சிகாகோவில் எல்வுடு ஜென்சன் நிகழ்த்திய ஆய்வுகள் விளக்கின. ஈஸ்ட்ரோஜனைப் பற்றும் ஏற்பி ஒன்று அணுவினுள் உண்டு என்பதே அவ்விளக்கம்.

இவ்வேற்பிக்கும் அழற்சித் தூதுக்கும் இடையே ஒருவகைப் பகை நிலவுகின்றது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் இயக்கம் என்.எப். கப்பா-பியை அடக்க முயல்கின்றது. ஆதலின் ஏற்பி உடைய புற்றணுக்கள் இன்டர்லூக்கின்-6 ஐச் சிறிதே சுரக்க, ஏற்பி அற்றன பெரிதும் சுரத்தலைக் காண்கின்றோம். 1973ஆம் ஆண்டில் டெட்ராய்ட் நகரத்து ஆய்வு நிலையம் வெளியிட்ட எம்.சி.எப்.-7 என்னும் அணுவழி முன்னதற்கும், எம்.டி.ஏ.-எம்.பி.-231 என்னும் அணுவழி பின்னதற்கும் ஆய்வுக்கூடங்களில் வழங்கும் எடுத்துக்காட்டுகள்.

பகை ஒருபுறமிருக்க, துணைமையும் உண்டு. மாதவிலக்கு நின்ற பெண்டிர்க்குச் சூலகம் ஈஸ்ட்ரோஜனைச் சுரப்பதில்லை. கொழுப்புத் திசுவிலுள்ள அரோமட்டேசு என்னும் நொதியே வேறு இயக்குநீர்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகின்றது. கட்டி நசிவுக் காரணியும் இன்டர்லூக்கின்-6 உம் இந்நொதியை மிகுவிக்கின்றன. உடற்பருமன் மிக்காரின் மார்பகக் கொழுப்பில், இறக்கும் கொழுப்பணுவைச் சுற்றிப் பெருவிழுங்கணுக்கள் முடிபோல் வளைந்து நிற்றலை நுண்ணோக்கியில் காணலாம். அவை சுரக்கும் தூதுகள் நொதியை மிகுவிக்க, நொதி ஈஸ்ட்ரோஜனை ஆக்க, ஈஸ்ட்ரோஜன் தன் ஏற்பியுடைய புற்றணுவை வளர்க்கின்றது. சூலகம் ஓய்ந்த பின்னரும் இயக்குநீர் சார்ந்த புற்று மிகுதியாகத் தோன்றுதற்குக் காரணங்களுள் இஃது ஒன்று. அணுப் பெருக்கத்தைச் சுட்டும் கி-67 உயர்தலும் இவ்வளர்ச்சியைச் சார்ந்ததே. ஆக, கட்டியின் துண்டில் நாம் காணும் ஏற்பியும் பெருக்கமும்கூடச் சூழலின் தூதினை நோக்கியே பொருள்கொள்ளத் தக்கன.

7. தாக்குதலே குறியாதல்

தூதுப் புரதம் குறிப்பானின் அளவை மாற்றுதல் மட்டுமன்று, குறிப்பானைத் தோற்றுவித்தலும் உண்டு. பி.டி.-எல்.1 என்னும் புரதம் அத்தகையது.

டி வகை நிணவணு புற்றணுவை அடையாளங் கண்டு தாக்கும்போது காமா இன்டர்பெரானைச் சுரக்கின்றது. அத்தூது புற்றணுவை இருவகையாக மாற்றுகின்றது. ஒன்று, அணுவின் உட்பொருளைத் துண்டு துண்டாக வெளியே காட்டும் புரதங்களை மிகுவித்து, நிணவணுவுக்குப் புற்றணுவை மேலும் புலப்படுத்துகின்றது. மற்றொன்று, பி.டி.-எல்.1 ஐப் புற்றணுவின் மேற்பரப்பில் தோற்றுவிக்கின்றது. இது நிணவணுவின்மேலுள்ள பி.டி.-1 என்னும் ஏற்பியைத் தொட்டு, அதன் தாக்குதலைத் தளர்த்துகின்றது. பி.டி.-1 ஐ 1992ஆம் ஆண்டில் கியோட்டோவில் தசுக்கு ஹோஞ்சோவின் குழு கண்டறிந்தது. தடுப்பாற்றலின் இத்தகைய தடைகளை நீக்கும் வழி கண்டமைக்காக அவரும் ஜேம்சு அலிசனும் 2018ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றனர்.

எனவே பி.டி.-எல்.1 மிகுந்த கட்டி, தாக்குதலுக்கு உட்பட்ட கட்டி என ஒருவாறு கொள்ளலாம். வாளின் தழும்பு போர் நிகழ்ந்தமையைக் காட்டுமாறு போல இக்குறிப்பான் தடுப்பாற்றலின் வருகையைக் காட்டுகின்றது. இதனாலன்றோ, மும்மறை வகையைச் சேர்ந்து பிற உறுப்புகட்குப் பரவிய மார்பகப் புற்றில், பி.டி.-எல்.1 மதிப்பெண் 10 அல்லது அதற்கு மேற்பட்டார்க்கு வேதி மருந்தோடு பெம்புரோலிசுமாப் என்னும் எதிர்ப்பொருள் மருந்தும் கொடுக்க 2020ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க நாட்டில் ஒப்புதல் வழங்கினர்! ஆயின் 2021ஆம் ஆண்டு சூலையில், தொடக்க நிலையினும் மீள்வரவு அச்சம் மிக்க மும்மறைப் புற்றுக்கு அம்மருந்தை ஒப்பியபோது, இம்மதிப்பெண்ணை வேண்டற்பாலதாக வைக்கவில்லை. ஒரே குறிப்பான், நோயின் ஒரு நிலையில் வாயில் காப்போனாகவும் மற்றொரு நிலையில் பயன்படாதும் நிற்கின்றது. சூழல் மாறப் பொருளும் மாறுதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

8. தடைவிடை

இங்ஙனமாயின் குறிப்பான்கள் பயனற்றன ஆகாவோ எனின், ஆகா என்க. பரவிய மார்பகப் புற்றுக்கு மருத்துவம் பெறுவாரிடத்துச் சி.ஏ. 15-3இன் தொடர்ந்த ஏற்றமும் இறக்கமும் நோயின் போக்கினைப் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. தூதுப் புரதங்கள் செய்யும் மாற்றம் அத்தொடர்பை அறுப்பதில்லை, அதனைக் கலக்குகின்றது. கலங்கிய நீரையும் தெளியவைத்துப் பருகுதல் கூடும்.

ஆயின் தூதுப் புரதங்களையே குறிப்பான்களாகக் கொள்ளலாகாதோ எனின், அதற்கும் எல்லை உண்டு. முதிர்ந்த மார்பகப் புற்றில் இன்டர்லூக்கின்-6 குருதியில் மிகுதலும், அம்மிகுதி நோயின் கடுமையோடு தொடர்புறுதலும் உண்மையே. எனினும் எளிய காய்ச்சலும், மூட்டு வாதமும், அறுவைக் காயமும் அதனை உயர்த்துகின்றன. ஈரல் அதன் ஏவலால் ஆக்கும் சி-வினைப் புரதமும் அத்தகையதே. அவை உடலின் கொந்தளிப்பைக் காட்டும். அதன் காரணத்தைக் காட்டா.

மற்றும் ஒன்று. மேலே காட்டிய சான்றுகளுள் பல கிண்ணத்தில் வளர்த்த அணுக்களிடத்துக் கண்டவை. கிண்ணத்தில் ஒன்றிரண்டு தூதுகளை நம் விருப்பப்படி சேர்க்கின்றோம். உடலிலோ பல தூதுகள் ஒருங்கே வருகின்றன, ஒன்றை ஒன்று தடுக்கின்றன. ஆதலின் கிண்ணத்தில் கண்டதனை ஒரு நோயாளியின் எண்ணுக்கு நேரே ஏற்றியுரைத்தல் முறையன்று. ஜி-சி.எஸ்.எப். போல மாந்தரிடத்தே காட்டப்பெற்றவை வலிய சான்றுகள். ஏனைய, நம்மை எச்சரிக்கும் அளவில் நிற்பன.

9. குறிப்பானைப் படிக்கும் நெறி

பல பொருள் ஒரு சொல் வந்துழி, அதனோடு முடியும் வினையானும், இனத்தானும், சார்பானும் இப்பொருட்டு எனத் துணிக என்பது நம் இலக்கணத்தின் நெறி. மா என்னும் சொல் மரத்தையோ விலங்கையோ குறித்தது என்பதனை அச்சொல்லை மட்டும் உற்று நோக்கி அறிதல் இயலாது. குறிப்பானுக்கும் இந்நெறியே பொருந்துகின்றது.

வினை என்பது எண்ணின் போக்கு. ஒருமுறை அளந்த எண்ணினும், ஒரே ஆய்வுக்கூடத்தில் ஒரே முறையால் பன்முறை அளந்து கண்ட ஏற்ற இறக்கமே பொருளுடையது. இனம் என்பது உடன் வரும் பிற சான்றுகள்: நோயாளி கூறும் நோவு, மருத்துவர் கைத்தொட்டு அறிவது, எலும்பும் ஈரலும் நுரையீரலும் காட்டும் படங்கள். சார்பு என்பது அந்நாளைய உடல்நிலை: தொற்று உண்டா, ஈரல் நோய் உண்டா, சோகை உண்டா, வெள்ளணு வளர்க்கும் ஊசி எந்நாளில் செலுத்தப்பட்டது, புதிய மருந்து தொடங்கி எத்தனை நாள் ஆயிற்று என்பன.

அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் கழகம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியும் இதனோடு ஒத்தது. மக்களிடையே நோயைத் தேடிக் காண்டற்குச் சி.ஏ. 15-3 ஐ அது பரிந்துரைக்கவில்லை; தொடக்க நிலை நோயாளர் பெரும்பாலார்க்கு அவ்வளவு இயல்பாகவே இருத்தல் உண்டாகலின். பரவிய நோயின் மருத்துவத்திலும் தனித்து நம்பாது, படங்களோடும் உடல் ஆய்வோடும் சேர்த்தே கொள்ளச் சொல்கின்றது. புதிய மருந்து தொடங்கிய முதல் நான்கு முதல் ஆறு கிழமைகளுள் தோன்றும் உயர்வை எச்சரிக்கையோடு நோக்குமாறும் கூறுகின்றது. மருந்தால் புற்றணுக்கள் சிதையும்போது அவற்றின் புரதம் குருதியில் பெருகி, வெற்றியே தோல்விபோலத் தோன்றுதல் உண்டு என்பது அதன் கருத்து.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: தடுப்பாற்றல் தூதுப் புரதங்கள் குறிப்பான்களின் ஆக்கத்தை மிகுவிக்கின்றன, அவற்றை அறுத்துக் குருதியில் விடுதற்குத் துணை செய்கின்றன, கட்டியல்லாத இடத்தினின்றும் அவை சுரக்க வழிசெய்கின்றன, இயக்குநீரின் ஆக்கத்தின் வாயிலாகக் கட்டியின் வளர்ச்சியை மாற்றுகின்றன, பி.டி.-எல்.1 போன்ற புதிய குறிப்பான்களைத் தோற்றுவிக்கவும் செய்கின்றன. ஆகவே குறிப்பானின் எண் கட்டியின் அளவுகோல் அன்று. கட்டிக்கும் உடலுக்கும் இடையே நிகழும் உரையாட்டின் ஒரு வரி.

இவ்வுண்மையை மருத்துவர் அறிவர். நோயாளியும் அவர்தம் சுற்றத்தாரும் தம் மொழியில் அறிதல் அதனினும் வேண்டற்பாலது. ஆய்வுத் தாளில் தடித்த எழுத்தில் அச்சிட்ட எண்ணைக் கண்டு இரவெல்லாம் உறங்காதிருப்பார் உளர். குறைந்த எண்ணைக் கண்டு, உடலில் தோன்றிய புதிய நோவை மருத்துவரிடம் உரையாது விடுவாரும் உளர். இருவரும் ஒரு வரியை நூலாகக் கொண்டவரே. அவ்வரியின் முன்னும் பின்னும் படிக்கக் கற்பித்தல் அறிவியலைத் தமிழில் எழுதுவார் கடன். அக்கடனில் ஒரு சிறு பகுதியையேனும் இக்கட்டுரை நிறைவேற்றுமாயின் யாம் எடுத்த முயற்சி பயனுடையதாகும்.